காற்றாலைத் தளத்து டிரெய்லர்: பெயிண்ட் அடித்து அம்மாவைக் கோயில்களுக்குக் கூட்டிப்போக வேண்டும், வழி சொல்லுங்கள்

பாளைப் பயணி, பாளையங்கோட்டை – ஜூன் 9

எல்லோருக்கும் வணக்கம். பணகுடிப் பக்கம் காற்றாலை வேலை நடந்தபோது பொறியாளர்கள் தங்கியிருந்த ஒரு டிரெய்லரை வாங்கியிருக்கிறேன். ஜீப்புக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுக்கிற வகை. நீளம் 14 அடி, அகலம் ஆறரை அடி, உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். ஒற்றை ஆக்சில், அதாவது ஒரே அச்சில் இரண்டு சக்கரம். ஸ்கொயர் பைப்பில் கூண்டு, வெளியே அலுமினியத் தகடு, உள்ளே பிளைவுட். ஆறேழு வருஷம் வெட்டவெளியில் கிடந்திருக்கிறது. மஞ்சள் பெயிண்ட் வெளிறிப் போய், தேய்த்தால் உள்ளங்கையில் மாவு போல ஒட்டுகிறது. ஆர்.சி. இருக்கிறது, டிரெய்லருக்கென்று தனி நம்பர்.

அம்மாவுக்கு 71 வயது. பாபநாசத்தில் தொடங்கி சேர்ந்தபூமங்கலம் வரை தாமிரபரணிக் கரையிலுள்ள நவகைலாயச் சிவன் கோயில்கள் ஒன்பதையும் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. முழங்கால் வலி. பஸ்ஸில் ஏறி இறங்க முடியாது, காரில் நாள் முழுக்க உட்காரவும் முடியாது. நினைத்த இடத்தில் படுக்கவும், கழிப்பறைக்குத் தவிக்காமல் இருக்கவும் ஒரு வண்டி வேண்டும். அதற்குத்தான் இது.

ஆடி பிறப்பதற்குள் பெயிண்ட் அடித்து முடித்துவிட்டு, அப்புறம் கட்டில், ஃபேன், லைட் எல்லாம் போடலாம் என்று நினைக்கிறேன். எந்த பெயிண்ட் நல்லது? எத்தனை லிட்டர் பிடிக்கும்? ஸ்ப்ரேயா, ரோலரா?

கூண்டுகட்டி, அம்பாசமுத்திரம் – ஜூன் 9

தம்பி, கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். பெயிண்டை இப்போது மறந்துவிடுங்கள். முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். உள்பக்க பிளைவுட்டைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நான்கு சுவரையும் ஒரு சுற்று வாருங்கள். கீழ் மூலைகள், ஜன்னலுக்குக் கீழே, கூரையில் காற்றுப்போக்கி இருக்கிற இடம், கதவு வாசல், இங்கெல்லாம் நிதானமாக அழுத்துங்கள். எங்கேயாவது விரல் அமுங்கினால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

அலுமினியத் தகட்டில் இரும்பு ஸ்க்ரூ அடித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இரண்டு உலோகம் ஒட்டி இருந்து நடுவில் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கும், ஓட்டை பெரிதாகியிருக்கும். அந்தப் பக்கத்துக் காற்றில் கடல் உப்பும் கலந்து வரும் என்பதால் இது சீக்கிரமே நடக்கும்.

ஒழுகுகிற கூண்டின் மேல் பெயிண்ட் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டினதாக ஆகும். ஒரு மழைக்காலத்தில் பெயிண்ட் கொப்புளம் விட்டுக் கிளம்பிவிடும். பாடி கட்டுகிற இடத்தில் பெயிண்டுக்காரன் கடைசியில்தான் வருவான்.

தென்காற்று, வள்ளியூர் – ஜூன் 10

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். எங்கள் ஊரில் இப்போது காற்றுக் காலம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆவணி முடியும் வரை நிற்காது. அதனால்தானே இந்தப் பக்கம் இத்தனை காற்றாலை. நான் போன வருஷம் என் மினி லாரியின் கேபினுக்கு ஆடி மாதம் திறந்த களத்தில் பெயிண்ட் அடித்தேன். ஒரு மணி நேரத்தில் முழுக்கச் செம்மண் ஒட்டி, எமரித்தாள் மாதிரி ஆகிவிட்டது. முழுவதையும் தேய்த்து எடுத்துத் திரும்ப அடித்தேன். பாளையங்கோட்டையில் காற்று இவ்வளவு இருக்காது என்றாலும் புழுதி புழுதிதான்.

பாளைப் பயணி – ஜூன் 12

கூண்டுகட்டி அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடியே அழுத்திப் பார்த்தேன். மூன்று சுவர் கல் மாதிரி இருக்கிறது. பின்பக்க இடது மூலையில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் வரை விரல் அமுங்குகிறது. அந்த இடத்து பிளைவுட்டைக் கழற்றினேன். உள்ளே கறுத்துப் போய் நார் நாராகப் பிரிந்து வந்தது. தரைப் பலகையிலும் இரண்டு அடிக்கு ஒன்றரை அடி போய்விட்டது. ஸ்கொயர் பைப்பின் அடிப்பாகத்தைச் சுத்தியலால் தட்டினால் மற்ற இடங்களில் கணீர் என்கிறது, இங்கே மொத்தென்று சத்தம். ஸ்க்ரூக்கள் எல்லாமே இரும்பு. கூரைத் தகடு இணைகிற இடங்களில் யாரோ சிலிக்கான் பேஸ்டைத் தாராளமாகப் பூசியிருக்கிறார்கள். அது வெயிலில் சுருங்கி ஓரம் தூக்கி நிற்கிறது.

வாங்கும்போது இதைப் பார்க்காமல் விட்டது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் வண்டியை விடப்போவதில்லை.

கூண்டுகட்டி – ஜூன் 12

விடவே வேண்டாம். ஒரு மூலை போனது பெரிய சேதமில்லை. மொத்தென்று சத்தம் வருகிற பைப்பை, சத்தம் தெளிவாக வருகிற இடம் வரை அறுத்துவிடுங்கள். அதே அளவு, அதே கனத்தில் புது பைப் வைத்து வெல்டிங் செய்யுங்கள். வெல்டிங் முடிந்ததும் கசடைத் தட்டி, கம்பி பிரஷ் போட்டு, துரு வருவதற்கு முன்பே பிரைமர் அடித்துவிட வேண்டும். பைப்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். உள்ளே ஈரம் சேர்ந்தாலும் வடிந்துவிடும். பஸ்ஸில் அப்படித்தான் செய்வோம்.

தரைக்கு பிளைவுட் வாங்கும்போது ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள். அதுதான் மரைன் பிளை. ஐ.எஸ். 303 அலமாரிக்குப் போதும், தரைக்கு வேண்டாம். வெட்டின ஓரங்களில்தான் தண்ணீர் ஏறும். அதனால் பலகையைப் பொருத்துவதற்கு முன்பே நான்கு ஓரத்துக்கும் எபாக்சி இரண்டு கோட் கொடுத்துவிடுங்கள்.

பொருநைக்கரை, ஸ்ரீவைகுண்டம் – ஜூன் 14

இந்த இழையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் டிரெய்லரில் சிற்றுண்டிக் கடை வைத்திருந்தேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்தது. என் டிரெய்லர் ஜன்னல் மட்டம் வரை தண்ணீரில் இரண்டு நாள் நின்றது.

தண்ணீர் வடிந்ததும் கழுவிக் காயவைத்து, வெளியே புதுசாகப் பெயிண்ட் அடித்துப் பொங்கலுக்குக் கடையைத் திறந்துவிட்டேன். பார்க்க நன்றாகவே இருந்தது. பங்குனியில் நாற்றம் எடுத்தது. சுவருக்குள் வைத்திருந்த பஞ்சு ஆற்று வண்டலைக் குடித்துக் கெட்டியாகிப் போயிருந்தது. ஒயர் இணைப்பு எல்லாம் பச்சைப் பாசி பிடித்த மாதிரி செம்புத் துரு. சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பைத் திறந்தால் கிரீஸுக்குப் பதில் மோர் மாதிரி ஒரு திரவம். பேரிங் இரண்டும் போச்சு. உள்சுவர் முழுவதையும் உரித்துத் திரும்பச் செய்ய, முதல் செலவைப் போல இரண்டு மடங்கு ஆனது. அந்தக் கடை வருமானத்தில்தான் குடும்பம் ஓடியது. அதனால்தான் சொல்கிறேன், பயணி, ஒரு மூலையை மட்டும் கழற்றிப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். எதிர் மூலையையும் திறந்து பாருங்கள்.

டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். பட்டன் தேயவில்லை என்று நம்பிவிடக் கூடாது. நின்ற வண்டியின் டயர் தேயாமலே கெட்டுவிடும்.

பாளைப் பயணி – ஜூன் 15

டயரில் 1814 என்று இருக்கிறது. 2014-இன் பதினெட்டாவது வாரம். ஓரங்களில் நுண்ணிய வெடிப்புகளும் தெரிகின்றன. இரண்டையும் மாற்றுகிறேன், பேரிங்கையும் சேர்த்து. எழுதியதற்கு மிகவும் நன்றி. எதிர் மூலையை நாளைக்கே திறக்கிறேன்.

மின்கம்பி, மேலப்பாளையம் – ஜூன் 21

சுவர் திறந்திருக்கும்போதே ஒயரிங்கை முடித்துவிடுங்கள். மூடிய பிறகு உளி எடுக்க வேண்டாம். ஒரு ராத்திரிக்கு உங்களுக்கு என்ன தேவை என்று கணக்குப் போடுவோம். 12 வோல்ட் ஃபேன் 30 வாட், பத்து மணி நேரம், 300. எல்.இ.டி. விளக்குகள் 15 வாட், நாலு மணி நேரம், 60. போன் சார்ஜுக்கு 40. மொத்தம் 400 வாட்‑ஹவர்.

100 ஆம்பியர்‑ஹவர் டியூப்ளர் பேட்டரி (ஈய‑அமில வகை) என்றால் 1,200 வாட்‑ஹவர். அதில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையும். ஆக 600 கிடைக்கும், உங்களுக்குப் போதும். லித்தியம் பாஸ்பேட் என்றால் அதே அளவில் ஆயிரத்துக்கு மேல் எடுக்கலாம், எடையும் மூன்றில் ஒரு பங்குதான், விலைதான் கூடுதல். டியூப்ளர் வாங்கினால் ஒன்று முக்கியம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். அம்மா படுக்கிற கட்டிலுக்கு அடியில் அதை வைக்கவே கூடாது. வெளியே திறக்கிற, காற்றோட்டமுள்ள தனிப் பெட்டியில் வையுங்கள்.

எந்த பேட்டரியானாலும் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் மெயின் ஃபியூஸ் இருக்க வேண்டும். தகரத்தில் ஒயர் நுழைகிற ஒவ்வொரு ஓட்டையிலும் ரப்பர் வளையம் போடுங்கள். ஓடுகிற வண்டியில் தகடு ஒயரை அறுத்துக்கொண்டே இருக்கும்.

சித்தாறு, தென்காசி – ஜூன் 22

நாங்கள் வேனையே வீடாக மாற்றி மூன்று வருஷமாகக் குடும்பத்தோடு போய் வருகிறோம். உள்வேலை பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எடையை மறக்காதீர்கள் தம்பி. எட்டடிக்கு நாலடி, 18 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட் ஒன்று சுமார் 35 கிலோ வரும். 6 மில்லி என்றால் பன்னிரண்டுக்குள். வீட்டு ஆசாரி வீட்டுக் கணக்கில் 18 மில்லியில் அலமாரி செய்து தருவார், வண்டி தாங்காது. சட்டத்தை மட்டும் கனமாக வைத்துவிட்டு மற்றதை 6 மில்லியில் மூடச் சொல்லுங்கள்.

கட்டில் உயரம் அம்மாவின் முழங்கால் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். தாழ்வாக இருந்தால் எழுந்திருக்கக் கஷ்டம். கழிப்பறைக்குள் இரண்டு பக்கமும் கைப்பிடி. அதைப் பிளைவுட்டில் அடிக்காமல் கூண்டுப் பைப்பில் பிடிக்க வையுங்கள். வாசல் படி ஒன்றுக்குப் பதில் இரண்டாக இருக்கட்டும்.

அடுப்பு வைக்கிறீர்களா? வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை உள்ளே வைக்காதீர்கள். 5 கிலோ சின்ன சிலிண்டர் போதும், அதுவும் வெளியே திறக்கிற பெட்டியில். சமையல் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தரையாகத் தேங்கும். அதனால் பெட்டியின் அடியில் திறப்பு இருக்க வேண்டும். மேலே ஜன்னல் இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது.

பாளைப் பயணி – ஜூன் 22

அக்கா, கட்டில் உயரம் பற்றி யாருமே சொல்லவில்லை. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து அளந்தேன், 18 அங்குலம் வருகிறது. கூரையின் உள்பக்கத்துக்குப் பத்தமடைப் பாய் ஒட்டினால் அழகாக இருக்கும் என்று தங்கை சொல்கிறாள். செய்யலாமா?

சித்தாறு – ஜூன் 23

கூரைக்கு வேண்டாம். கோரைக்குப் பின்னால் காற்றுப் போகாது, ஐப்பசி கார்த்திகையில் பூஞ்சை பிடிக்கும். பாயைக் கட்டிலில் விரியுங்கள். ரெக்சின் மெத்தையின் மேல் பத்தமடைப் பாய் போட்டால் முதுகு வேர்க்காது. வெயிலில் உதறிப் போடவும் வசதி.

கூண்டுகட்டி – ஜூலை 3

இப்போது ஒழுக்கைத் தேடும் வேலைக்கு வருவோம். பழைய சிலிக்கானைத் துளிகூட விடாமல் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்துவிடுங்கள். அதன் மேல் எதுவும் ஒட்டாது, சிலிக்கானே ஒட்டாது. இரும்பு ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு ஒரு அளவு பெரிய அலுமினிய ரிவிட் போடுங்கள். ரிவிட்டை சீலன்ட்டில் தொட்டு அடியுங்கள். தகடு தகட்டின் மேல் ஏறுகிற இடத்தில் பியூட்டைல் டேப் (பசை போல ஒட்டுகிற ரப்பர் நாடா) வைத்து இறுக்கி, ஓரத்துக்குப் பாலியூரித்தேன் சீலன்ட் கொடுங்கள். அதன் மேல் பெயிண்ட் பிடிக்கும். சிலிக்கான் டியூப்பை மட்டும் வண்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

ஒழுகுகிற இடம் உள்ளே தெரிகிற இடமாகவே இருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் பைப்பின் மேல் ஓடிப்போய் வேறு மூலையில் இறங்கும். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கதவு, ஜன்னல், கழிவுநீர்க் குழாய் எல்லாவற்றையும் டேப் போட்டு அடைத்துவிட்டு, ஒரு ஜன்னல் வழியாக புளோயர் வைத்து உள்ளே காற்றை ஊதுங்கள். வெளியே எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீரைப் பூசுங்கள். எங்கே நுரை கொப்புளிக்கிறதோ அங்கே வழி இருக்கிறது. பஞ்சர் ஒட்டுகிறவர் டியூப்பைத் தொட்டியில் முக்கிப் பார்ப்பது போலத்தான்.

அப்புறம் ஒரு மழைக்காலம் முழுக்க பெயிண்ட் இல்லாமலே நிற்கட்டும். உள்சுவரையும் மூட வேண்டாம். மழைதான் சரியான பரிசோதனை.

தென்காற்று – ஜூலை 3

மழைக்காலம் முழுக்கவா? அம்மா காத்திருக்கிறார்களே அண்ணாச்சி. ரோலரில் அடித்தால் காற்றில் தெறிக்காது, புரட்டாசியில் காற்றும் அடங்கியிருக்கும். அப்போது அடித்துவிடலாமே.

கூண்டுகட்டி – ஜூலை 4

அம்மா காத்திருப்பதால்தான் சொல்கிறேன். ராத்திரியில் அவர் தலைமாட்டில் ஒழுகக் கூடாது. புரட்டாசியில் அடிக்க ஆரம்பித்தால் ஒற்றை ஆள் வேலை ஐப்பசியில் போய் நிற்கும். இரண்டு கலவையாக வருகிற பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்டின் ஹார்ட்னர், அதாவது அதை இறுகவைக்கிற கலவை, காற்றில் உள்ள ஈரத்தோடும் வினைபுரியும். பளபளப்பு செத்துவிடும், சின்னச் சின்னக் குமிழ் வரும். தை பிறக்கட்டும். தை, மாசி இரண்டும்தான் நம் பக்கத்துக்குப் பெயிண்ட் மாதம். காற்றும் இல்லை, மழையும் இல்லை, தகடும் கொதிக்காது. சித்திரையில் தகடு சுடுகிற சூட்டில் பெயிண்ட் பரவுவதற்கு முன்பே காய்ந்து ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிடும்.

பாளைப் பயணி – ஜூலை 4

அம்மாவிடம் இரண்டு பேர் சொன்னதையும் படித்துக் காட்டினேன். "தை வரைக்கும் இருக்கேன், நல்லாவே செய்யி" என்றாள். காத்திருக்கிறோம்.

பாளைப் பயணி – நவம்பர் 11

ரொம்ப நாளாக எழுதவில்லை. பைப் வெல்டிங், தரை, ஒயரிங் முடிந்தது. ரிவிட் மட்டும் நானூறுக்கு மேல். சோப்புத் தண்ணீர் பரிசோதனையில் ஏழு இடங்களில் நுரை வந்தது, ஏழையும் அடைத்தேன்.

போன வாரம் நல்ல மழை. ராத்திரி டார்ச்சோடு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். எட்டாவது ஒரு இடம்! கூரையின் நடுவிலுள்ள காற்றுப்போக்கியின் முன் ஓரத்தில் சொட்டு விழவில்லை, ஆனால் பைப்பில் ஈரக்கோடு தெரிந்தது. விரலால் தடவிக்கொண்டே போனேன். கோடு பைப் வழியாகப் பின்பக்க இடது மூலைக்குப் போகிறது. வண்டி பின்பக்கம் சற்றுத் தாழ்ந்து நின்றிருக்கிறது. அந்த மூலை அழுகியதற்கான காரணம் ஆறடி தள்ளிக் கூரை நடுவில் இருந்திருக்கிறது. சுவரை மூடி பெயிண்ட் அடித்திருந்தால் புதுப் பலகையும் அதே மூலையில்தான் அழுகியிருக்கும். அண்ணாச்சி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

கூண்டுகட்டி – நவம்பர் 11

ராத்திரி உட்கார்ந்து பார்த்தீர்களே, அதுதான் வேலை. காற்றுப்போக்கியைக் கழற்றி புது பியூட்டைல் வைத்துப் பொருத்துங்கள்.

பொருநைக்கரை – நவம்பர் 12

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது.

பாளைப் பயணி – ஜனவரி 8

எடைமேடைக்குக் கொண்டுபோனேன். தண்ணீர்த் தொட்டி நிரப்பி, கட்டில், சாமான் எல்லாம் ஏற்றி, வண்டி முழுவதும் மேடையில் நின்றபோது 1,080 கிலோ. கொக்கிப் பக்கத்தைத் தாங்கி நிற்கிற முன்காலை மட்டும் மேடைக்கு வெளியே நிறுத்தி எடுத்தபோது 1,020. அப்படியானால் கொக்கியில் இறங்குகிற எடை 60 கிலோ. சரியா?

தென்காற்று – ஜனவரி 8

போதாது. கொக்கியில் இறங்குவது மொத்த எடையில் பத்து சதவீதத்துக்குக் குறையக் கூடாது, உங்களுக்கு 110 கிலோவாவது வேண்டும். பின்பாரம் கூடினால் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். நாங்குநேரி நாலுவழிச் சாலையில் ஒரு லாரி உங்களைத் தாண்டிப் போகும்போது அடிக்கிற காற்றே போதும், ஜீப்பையும் சேர்த்து இழுத்துவிடும். தொட்டி எங்கே வைத்திருக்கிறீர்கள்?

பாளைப் பயணி – ஜனவரி 10

கழிப்பறை பின்னால் என்பதால் 100 லிட்டர் தொட்டியையும் பின்னாலேயே வைத்திருந்தேன். ஆக்சிலுக்கு முன்னால், கட்டிலுக்கு அடியில் மாற்றினேன். மொத்தம் அதே 1,080, கொக்கியில் 135. ஜீப்பின் கையேட்டில் சொன்ன அளவுக்குள் இருக்கிறது. ஓட்டிப் பார்த்தேன், ஒட்டிக்கொண்டு வருகிறது.

இனி நிறம். கூரைக்கு வெள்ளை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். பக்கங்களுக்கு அம்மா மயில்கழுத்து நிறம் கேட்கிறாள். கல்யாணத்துக்கு வாங்கின பட்டுப் புடவையைக் கொண்டுவந்து காட்டினாள்.

மின்கம்பி – ஜனவரி 10

அடர்ந்த நிறம் சூட்டை வாங்கும். பக்கங்களுக்கும் வெள்ளையே நல்லது.

சித்தாறு – ஜனவரி 10

உச்சி வெயிலைக் கூரைதான் வாங்குகிறது. அது வெள்ளையாக இருந்து, சுவருக்குள் தெர்மோகோலும் இருந்தால் பக்கத்து நிறம் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. மேற்குப் பக்கத்தை மர நிழலில் வைத்து நிறுத்தினால் சரி. அம்மா கேட்ட நிறத்தை அடியுங்கள் தம்பி.

கூண்டுகட்டி – ஜனவரி 11

நானும் அக்கா பக்கம். ஜன்னல் மட்டத்துக்குக் கீழே மயில்கழுத்து, மேலே வெள்ளை. பழைய பஸ்களில் அப்படித்தான் அடிப்போம், பார்க்கவும் லட்சணமாக இருக்கும்.

இப்போது முறை சொல்கிறேன். மாவாக ஒட்டுகிற பழைய பெயிண்டை 120 எண் எமரித்தாளில் தொடங்கி 220 வரை தேயுங்கள். அலுமினியம் வெளியே தெரிகிற இடங்களில் வாஷ் பிரைமர் (வெறும் தகட்டில் மேல்பூச்சு பிடிக்க வைக்கிற பூச்சு) மெல்லிசாக ஒரு கோட். தேய்த்த அன்றைக்கே பிரைமர் போட்டுவிட வேண்டும், ராத்திரி விட்டால் தகட்டில் ஆக்சைடு படலம் திரும்பக் கூடிவிடும். குழி இருக்கிற இடத்தில் மட்டும் பட்டி. வண்டி குலுங்கும், கனமான பட்டி நிற்காது, வெடிக்கும். அப்புறம் சர்ஃபேசர் (பரப்பைச் சமமாக்குகிற பூச்சு), 400 எமரியில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பு, மேலே பி.யூ. இரண்டு கோட். உங்கள் வண்டியின் பரப்பு 350 சதுர அடி சுமார். கலந்த பெயிண்டாக 8, 9 லிட்டர் பிடிக்கும். பிரைமர் முதல் பெயிண்ட் வரை ஒரே கம்பெனியாக வாங்குங்கள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் என்பதற்கு அதுதான் உறுதி.

பி.யூ. ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற, மூச்சைப் பாதிக்கிற ரசாயனம் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது துண்டைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள், அது எதையும் தடுக்காது. என்னோடு வேலை செய்த இரண்டு பேர் இன்றைக்கும் மூச்சுக்குக் கஷ்டப்படுகிறார்கள். வெளியிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்று வருகிற முகமூடி உள்ள பட்டறையில் கொடுங்கள். இல்லையென்றால் ரோலரில் உருட்டி, உடனே மெல்லிய பிரஷ்ஷின் நுனியால் தடவிவிடுங்கள். அப்போதும் கார்ட்ரிட்ஜ் முகமூடி வேண்டும். ஆனால் காற்றில் பறக்கிற அளவு மிகவும் குறையும்.

நிறம் மாற்றுவதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் பதிய வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. முதலில் போய்க் கேட்டுவிட்டு அடியுங்கள்.

பாளைப் பயணி – பிப்ரவரி 15

ஆர்.டி.ஓ.வில் கேட்டுவிட்டேன். கூரை முடிந்தது, நன்றாக வந்திருக்கிறது. காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் நிறுத்திவிடுகிறேன்.

ஆனால் பக்கத்தில் கை வைத்த முதல் நாளே மனம் உடைந்துவிட்டது. ரோலர் உருட்டிய ஐந்தாவது நிமிஷம், பெயிண்ட் வட்ட வட்டமாக விலகி மீன் கண் மாதிரி குழிகள். உள்ளே சாம்பல் நிற சர்ஃபேசர் தெரிகிறது. தகடு இணைகிற இடங்களை ஒட்டி இரண்டங்குல அகலத்துக்கு மட்டும் இப்படி. மற்ற இடம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. மேலே இன்னொரு கோட் கொடுத்தால் மூடுமா?

கூண்டுகட்டி – பிப்ரவரி 15

கொடுக்காதீர்கள். எத்தனை கோட் கொடுத்தாலும் அதே இடத்தில் விலகும். இணைப்பை ஒட்டி மட்டும் வருகிறது என்றால் பழைய சிலிக்கான்தான். சுரண்டி எடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத படலம் நின்றிருக்கும். நீங்கள் துடைக்காமல் எமரி போட்டதால் அது இரண்டங்குலத்துக்குப் பரவிவிட்டது. முதலில் துடைப்பு, அப்புறம் தேய்ப்பு என்று நான் எழுதியிருக்க வேண்டும். பட்டறையில் சொல்லாமலே செய்கிற காரியம் என்பதால் விட்டுவிட்டேன். என் தவறு.

நாலு நாள் நன்றாகக் காயவிடுங்கள். சிலிக்கான் எடுக்கிற டீகிரீசர் வாங்கி இரண்டு துணி வையுங்கள். ஒன்றால் நனைத்துத் துடைத்து, அது உலர்வதற்குள் காய்ந்த இன்னொன்றால் ஒற்றி எடுங்கள். உலர விட்டால் கரைந்த சிலிக்கான் அங்கேயே திரும்ப உட்காரும். ஒவ்வொரு ஒரு அடிக்கும் புதுத் துணி. மூன்று முறை துடையுங்கள். பிறகு 320-இல் தேய்த்து, திரும்பத் துடைத்து, சர்ஃபேசர், பெயிண்ட்.

பாளைப் பயணி – மார்ச் 4

துடைத்ததற்கு மட்டும் ஆறு பழைய வேட்டி ஆனது. நேற்று கடைசி கோட். ஒரு குழியும் இல்லை. சாயங்கால வெயிலில் அம்மா வந்து பக்கத்தில் நின்று, புடவை முந்தானையைத் தகட்டோடு வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

அண்ணாச்சி, தவறு என்று நீங்கள் சொல்ல வேண்டாம். சோப்பு நுரையும் மழைக்காலமும் இல்லாமல் இந்த வண்டி இல்லை.

சித்தாறு – மார்ச் 4

படம் பார்த்தேன். அப்படியே மயில்கழுத்து!

பாளைப் பயணி – ஏப்ரல் 19

போய் வந்தோம். நாலு நாள், ஒன்பது கோயில். பாபநாசத்தில் படித்துறைக்கு மேலே மர நிழலில் நிறுத்தினோம். சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர் மூன்றுக்கும் ஊர்த் தெரு குறுகல். டிரெய்லரைப் பெரிய சாலையில் அவிழ்த்து வைத்துவிட்டு ஜீப்பில் போனோம். முறப்பநாடு தூத்துக்குடி ரோட்டை ஒட்டியிருப்பதால் சிரமமில்லை. அம்மா மதியம் இரண்டு மணி நேரம் கால் நீட்டிப் படுத்துவிட்டு, சாயங்காலம் அடுத்த கோயிலுக்குத் தெம்பாக இறங்கினாள். ஸ்ரீவைகுண்டத்தில் பொருநைக்கரை நண்பர் வீட்டுக் களத்தில் தங்கினோம். அவர் வீட்டில் சாப்பிட்ட கூட்டாஞ்சோற்றை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்கு ராத்திரி நல்ல கோடை மழை, ஒரு மணி நேரம். நான் எழுந்து பின்பக்க இடது மூலையைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. காற்றுப்போக்கி, ஜன்னல் எல்லாமே காய்ந்திருந்தன. கதவின் கீழ் ஓரத்தில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு ஈரம். ரப்பர் பழசு, வளைவில் வெடித்திருக்கிறது. அந்த ரப்பர் திருநெல்வேலியில் எங்கே கிடைக்கும்?

கூண்டுகட்டி – ஏப்ரல் 19

பழைய ரப்பரில் ஒரு சாண் வெட்டி எடுத்துக்கொண்டு பஸ் பாடி வேலை பார்க்கிற எந்தப் பட்டறைக்கும் போங்கள். குறுக்கு வெட்டைப் பார்த்து அதே உருவத்தில் தருவார்கள், மீட்டர் கணக்கு. ஒட்டும்போது இணைப்பு மேலே வரட்டும், கீழே வேண்டாம். ஒட்டுவதற்கு முன்னால் சட்டத்தைத் துடைத்துவிடுங்கள்.